கடைசி மாத்திர எப்ப குடுத்தீங்கன்னா கேக்குறீங்க?

கடுகளவு இருக்கும், கத்துறவரக் கல்லாக்கும், அது என்ன? சொல்லுங்க பாப்போம், டாக்டரம்மா. மாத்திரதாங்க. எம் மக கிஷாலினி கட்டுன விடுகத. அஞ்சாம் ஆண்டு படிக்கிறா. டீச்சர் எழுதிக்கிட்டு வரச் சொன்னாங்களாம். நேத்து அவ சொன்னப்ப நான் சிரிச்சேன்.

இல்லங்க, வெளையாட்டுக்குப் பேசல. நீங்க கேட்டதுக்குத்தான் வர்றேன். அந்தா படுத்திருக்காரே எம் மாமனார் முருகையா, நாக்குல தண்ணி விட்டாக்கூட முழுங்கத் தெரியல. கடைசி மாத்திர எப்பன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பாக்கலாம்ங்கிறீங்க. சொல்றேன்.

மடுல்சீமப் பக்கம் எங்க தேயிலத் தோட்டம். மாமா கங்காணியா இருந்தவரு. ரெண்டு வருஷமா கை நடுக்கம், கால இழுத்து இழுத்து நடப்பாரு. அப்புறம் இல்லாத ஆளெல்லாம் கண்ணுல தெரிய ஆரம்பிச்சிருச்சு. அடுப்பு மேட்டுல சின்னப் புள்ளைக ஒக்காந்திருக்கு, ரொட்டி குடும்பாரு. சரின்னு அதுகளுக்கும் ஒரு துண்டு பிச்சு வச்சேன். ஆனா காலையில பேர் கூப்பிட்டு வேல பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுற சத்தம் கேட்டாப் போதும், கம்ப எடுத்துக்கிட்டு ஓடிருவாரு. பேர் கூப்பிடுவாரு. கூப்பிடுற பேரெல்லாம் செத்துப்போன ஆளுக. யாரும் பதில் சொல்லலன்னா கம்ப வீசுவாரு. ஒரு நாள் வயித்துப் புள்ளக்காரி மேல பட்டிருச்சு. பூட்டிட்டுப் போனா கதவப் பொறாண்டி நகமெல்லாம் ரத்தம். எம் புருஷன் கொழும்புல கடையில நிக்கிறாரு. நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போகலன்னா அடுப்பு எரியாதுங்க.

மாத்திர யாரு எழுதிக் குடுத்ததா? யாரும் எழுதல. எங்க லயத்துல ஒரே கூரைக்கு அடியில ஆறு வீடு, ஒரு வீட்டு மருந்து ஆறுக்கும் பொது. சுவரு ஒட்டுன அடுத்த காம்பரா இராக்கம்மாக்கா மகன் ரஜீவுக்குப் புத்தி தடுமாறுனதுக்கு கிளினிக்ல குடுக்குற மாத்திர. இவனும் இப்பிடித்தான் கத்துனான் கலா, இப்ப பூன மாதிரி கெடக்கான், பாதி குடுத்துப் பாருன்னுச்சு. நல்ல மனசுலதான் குடுத்துச்சு.

நடுக்கமும் இருந்து, இல்லாததும் தெரியிற ஆளுக்கு அது ஆகவே ஆகாதுன்னு நீங்க சொல்லித்தான் தெரியும். அன்னிக்கு சாமி கண்ணத் தொறந்த மாதிரி இருந்துச்சு. மூணாம் நாளே அமைதி. பத்தாம் நாளு மாமா மரக்கட்ட. எச்சி ஒழுகுது, கைய மடக்க முடியல. பயந்துபோயி நிறுத்திட்டேன். ஆமாங்க, ரெண்டு வாரமாச்சு. சத்தியமா. மிச்சத்த அலமாரி மேல தூக்கி வச்சிட்டேன்.

அப்ப ஏன் இன்னும் மோசமாச்சுன்னுதானே கேக்குறீங்க? இன்னிக்கு மத்தியானம் நான் வந்து பாக்கையில மூச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. தோட்டத்து லொறியில போட்டுக் கொண்டாந்தோம். பசறை டவுன் தாண்டுனதும், எம் மடியில படுத்திருந்த கிஷாலினி எந்திரிச்சு, அம்மா, இன்னிக்குக் காலையிலயும் ஒண்ணு குடுத்தேன்னா. முழுசா. தேத்தண்ணியில கரைச்சு. பள்ளிக்கூட நாளெல்லாம் குடுத்திருக்கா.

அவள ஏசிராதீங்க, டாக்டரம்மா. இந்த வருஷம் அவளுக்கு ஸ்கொலர்ஷிப் சோதன. தாத்தா கத்துனா வீட்டுல இருந்து பாத்துக்க, கத்தலன்னா பள்ளிக்கூடம் போன்னு நாந்தான் தெனமும் சொல்லிட்டு மலைக்குப் போவேன்.

ரெண்டு வாரமும் ஒரு நாள் தவறாம பள்ளிக்கூடம் போயிருக்கா.