அஞ்சுக்கு ரெண்டு

செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கிறவன்கிட்ட ஊர்ல யாரும் வம்பு வச்சிக்க மாட்டாங்க சார். எல்லார் வூட்டு போனும் ஒருநா என் கைக்கு வந்துதான் ஆவணும். அதனால கள்ளக்குறிச்சில எனக்கு எதிரின்னு ஒருத்தரும் கெடையாது. மறியலுக்கு ரோட்டோரத்து மரத்த வெட்டுனது யாருன்னு கேக்குறீங்க. நான் வெட்டல. மரத்து மேல எனக்கு இன்னா கோவம்? மத்தத சொல்றேன், எழுதிக்கோங்க.

அறிவுச்செல்வன் என் சிநேகிதன். ஒண்ணாப்புலேர்ந்து ஒரே பெஞ்சு. அவங்க அம்மா தைலம்மாள் கையால நான் சாப்ட்டது, எங்கம்மா கையால சாப்ட்டதவிட ஜாஸ்தி. கரியாலூர்ல டெம்பரவரி வாத்தியார் வேல கெடச்சதும் அம்மாவயும் கூட்டிக்கினு போயி மலையிலயே வாடகைக்கு இருந்தான். வேல நேரம் போவ யூடியூப்ல ஒரு சேனல். புதுசா வர்ற ராப் பாட்டெல்லாம் கேட்டுட்டு நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லி அஞ்சுக்கு மார்க்கு போடுவான். மெட்ராஸ் பசங்ககூட அவன் மார்க்குக்குக் காத்துக்கினு கெடப்பானுங்க. எனக்கு அதுல பெருமைதான், பொய் சொல்லக்கூடாது.

இன்னொருத்தன் கண்ணாயிரம், வடக்கனந்தல்காரன். கோமுகி கண்ணான்னு பேரு வச்சிக்கினு ராப் பாடுவான். அவன் ரசிகர் குரூப்புக்கு நான்தான் அட்மின். அவன் மொத பாட்ட என் கடையிலதான் ரெக்கார்டு பண்ணோம், ஷட்டர எறக்கிட்டு, சத்தம் வரக்கூடாதுன்னு ஃபேன நிறுத்திட்டு. வேர்த்து ஊத்தும். அந்த மாதிரி சந்தோசம் எனக்கு என் கல்யாணத்துலகூட வரல.

ஒதுக்கீடு கேட்டு நம்ம ஜனம் ரோட்டுக்கு வந்த அந்த வருசந்தான் கண்ணா ஆல்பம் போட்டான். 'கேட்டா தப்பா'ன்னு பேரு. லாக்டவுன்ல உக்காந்து எழுதுனது. வெளிய வர்றதுக்கு முன்னாடியே நான் அறிவுக்கு அனுப்பிட்டேன். கண்ணாகிட்ட, 'அவன் நம்ம பையன், நாலரைக்குக் கொறையாது'ன்னு வாக்கும் குடுத்துட்டேன்.

ரெண்டு போட்டான் சார். அஞ்சுக்கு ரெண்டு.

'கண்ணாவுக்கு கோவம் வருது, ஆனா அது அவன் கோவமா தெரியல. மறியல் மைக்ல கேட்டத அப்டியே திருப்பிச் சொல்றான். கோமுகி டேம்ல குதிச்சி வளந்தவன் எதுக்கு மெரினா மணல் பத்திப் பாடுறான்?' இப்டிப் பேசினான். சரி, அதுகூட போவட்டும். கடைசியில ஒண்ணு சொன்னான். 'கண்ணாவ சுத்தி இருக்கிறவங்க அவனுக்குக் கைதான் தட்டுறாங்க, ஒருத்தரும் காது குடுத்து கேக்கல.' சுத்தி இருக்கிறவங்கன்னா யாரு சார்? நான்தான. பேர சொல்லாம என்னத்தான சொன்னான்.

அந்த வீடியோவ மூணு தடவ ஓட்டிப் பாத்தேன். ஊர்ல எவனோ சொல்லியிருந்தா தொடச்சிப் போட்டுட்டுப் போயிருப்பேன். கூட உண்டவன் சொன்னான். துரோகம்னா அதான் சார், வேற பேரு இல்ல அதுக்கு.

குரூப்புல பசங்க கொதிச்சிட்டானுங்க. அறிவு சேனலுக்குப் போயி திட்டித் தீத்தானுங்க. செருப்புக் கடை சுபைர் மட்டும், 'அண்ணே, பாதி கரெக்டாதான சொல்லிருக்காரு, ஆறாவது பாட்டு நமக்கே புடிக்கலயே'ன்னான். அவன குரூப்லேர்ந்து தூக்கிட்டேன். ஆறாவது பாட்டு எனக்கும் புடிக்காது. அது வேற விசயம்.

கண்ணா, 'இதான் உன் சிநேகிதனா?'ன்னு ஒரே கேள்விதான் கேட்டான். அதுக்கப்புறம் கச்சேரிக்கெல்லாம் வேற பையன கூட்டிக்கினு போவ ஆரம்பிச்சான். என் போன எடுக்கல. அறிவு பாருங்க, மறுநாளே சாதாரணமா போன் பண்றான். 'மனசுல வச்சிக்காதடா பூமாலை, பாட்டு வேற, நாம வேற'ங்கிறான். நானும் 'ஆமாண்டா'ன்னேன். சிரிச்சேன்கூட. அவன் நம்பிட்டான்.

மறியல் அன்னைக்கு வடக்கனந்தல் தாண்டி புளியமரத்த ரோட்டுக்குக் குறுக்க சாச்சிட்டானுங்க. ஓரத்துல ஒரு வண்டி போற சந்து. அத ஒரு டிராக்டர வச்சி அடைச்சிருந்தோம். ஆஸ்பத்திரி வண்டி, பால் வண்டி, சாவுக்குப் போற வண்டி, இதுங்கள உடணும்னு பேச்சு. ஆனா நல்லாருக்கிறவன படுக்க வச்சிக்கினு ஆஸ்பத்திரின்னு பொய் சொல்லிட்டுப் போறானுங்க இல்ல? அதனால நம்ம ஆளு ஒருத்தர் முன்கூட்டியே போன்ல சொன்னாத்தான் டிராக்டர் நகரும். மலைப் பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்குக் குடுத்திருந்த நம்பர் என்னுது. எல்லாருக்கும் என்னத் தெரியுமே.

மத்தியானம் அறிவு கூப்ட்டான். 'அம்மாவுக்கு நெஞ்சு வலிடா. நர்சம்மா மாத்திர குடுத்துட்டு ஒடனே கீழ கொண்டு போங்கன்னுட்டாங்க. கச்சிராயபாளையம், வடக்கனந்தல் வழியா வரட்டுமா, சங்கராபுரம் பக்கம் சுத்திப் போவட்டுமா?'

சங்கராபுரம் பக்கம் அன்னைக்கு ஒரு தடையும் இல்ல. எனக்குத் தெரியும். சுத்துதான், ஆனா வழி கிளீனா இருந்திச்சி.

'நம்ம பக்கமே வாடா, நான் சொல்லி வெக்கிறேன்'னேன். 'நீ இருக்கிறடா எனக்கு'ன்னு சொல்லிட்டு வச்சான்.

சொல்லித்தான் வச்சேன். டிராக்டர் சாவி நம்ம குரூப்புப் பையன் அய்யனார்கிட்ட இருந்திச்சி. 'நம்ம ஆல்பத்துக்கு ரெண்டு போட்டவன் வரான். மார்க்க மாத்தி அவன் வாயால சொல்லி, நீ போன்ல புடிச்ச பிறகு உடு'ன்னேன். 'வண்டில யாருண்ணே?'ன்னு கேட்டான். 'யாரும் இல்ல, சும்மா நடிப்பு'ன்னேன். அய்யனார் மேல தப்பு இல்ல சார், அதயும் எழுதிக்கோங்க. தெரிஞ்சிருந்தா அவன் செஞ்சிருக்க மாட்டான்.

நான் ஸ்பீக்கர் கட்டுன மினி லாரிக்குள்ள உக்காந்துக்கினு போன ஆஃப் பண்ணிட்டேன். கண்ணா பாட்டுதான் ஓடிக்கினு இருந்திச்சி. கார் வந்திச்சி. அறிவு எறங்குனதும், 'பூமாலை சொல்லலயா? பூமாலை எங்க?'ன்னு கேட்டுக்கினே என் நம்பரப் போடுறான், போடுறான், போட்டுக்கினே இருக்கான். பின் சீட்டுல தைலம்மாள். பக்கத்து வூட்டு சின்னப்பொண்ணு அவங்க தலைய தன் மடியில வச்சிக்கினு கூட வந்திருந்திச்சி. அது கதவத் தொறந்து, 'அடப் பாவிங்களா, பாட்டு போட்டுக்கினு நிக்கிறீங்களே, ஆளு போவுதுடா'ன்னு கத்திச்சி. பசங்களும் நடிப்புன்னே நெனச்சி சிரிச்சானுங்க.

அறிவு கைய கூப்புனான். 'அஞ்சுக்கு அஞ்சு, நல்ல ஆல்பம், நான் சொன்னது தப்பு'ன்னான். அய்யனார் லாரிக்கு வந்து வீடியோவ காமிச்சான். பாட்டு சத்தத்துல ஒண்ணும் கேக்கல. 'இன்னொரு தடவ சொல்லச் சொல்லு, எந்தப் பாட்டு புடிச்சிதுன்னும் சேத்து சொல்லச் சொல்லு'ன்னேன். சொன்னான். ஆறாவது பாட்டுன்னான். அப்புறந்தான் டிராக்டர எடுத்தாங்க.

ஒரு பாட்டு ஓடுற நேரந்தான் ஆச்சின்னு பசங்க உங்ககிட்ட சொல்லியிருப்பானுங்க. இல்ல சார். நாலு பாட்டு ஓடிச்சி. ஆல்பம் வரிசை எனக்கு மனப்பாடம்.

தைலம்மாள் ஆஸ்பத்திரி போய்ச் சேரல. பாதி வழியில மூச்சு நின்னுடுச்சின்னாங்க. சாவுக்குப் போனேன். மாலை போட்டேன், பந்தல் கட்டுறவனுக்குக் கூட மாட நின்னேன். அழுவ வந்திச்சி, அழுதேன். அதுல நடிப்பு இல்ல. அறிவு என்னப் பாத்துக்கினே உக்காந்திருந்தான், ஒரு வார்த்த கேக்கல. 'ஏண்டா'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காதவன்கிட்ட இன்னாத்த சொல்றது?

ஆக, வழி தொறந்திருக்குதுன்னு வர வச்சது நான். நிறுத்தச் சொன்னது நான். ரெண்டாவது தடவ சொல்லச் சொன்னதும் நான்தான். கையெழுத்து எங்க போடணும்னு காமிங்க, போடுறேன்.

அய்யனார் புடிச்ச அந்த வீடியோவ வாங்கி கண்ணாவுக்கு அனுப்பினேன். பாத்துட்டான், நீல டிக் வந்திச்சி, பதில் வரல. ஏன்னு எனக்குப் புரிய கொஞ்ச நாளாச்சி. நீங்களும் போட்டுப் பாருங்க, என் போன்லயே இருக்குது. ஆல்பத்தப் பத்தி பேசுற நேரம் பூரா அறிவு கேமராவப் பாக்கல, கார் கதவத்தான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு இருக்கான். ரெண்டு தடவ சான்ஸ் குடுத்தும் அவன் மனசார சொல்லல சார்.