கவனக்குறைவு அல்ல

உங்கள் படிவத்தில் 'சம்பவத்தைச் சுருக்கமாக எழுதவும்' என்று போட்டு, அதற்குக் கீழே நான்கே நான்கு கோடு விட்டிருக்கிறீர்கள். என் பெயர், தகப்பனார் பெயர், மேலப்பாளையம் விலாசம் எழுதினாலே அது நிரம்பிவிடும். அதனால் தனித்தாள் இணைத்திருக்கிறேன். மன்னிக்கவும்.

ஜூன் மாதம் கோயம்புத்தூர் பக்கம் நீங்கள் நடத்திய பந்தயத்தில், எட்டாவது சுற்றில் டயர்ச் சுவரில் போய் மோதியது பதினேழாம் எண் கார். அதை ஓட்டியவள் அஸீலா, என் மனைவி. நான் தாஜ் முகம்மது, அந்தக் காரின் மெக்கானிக். 'மெக்கானிக்கின் கவனக்குறைவால் பிரேக் பிடிக்காமல் போயிருக்கலாம்' என்று உங்கள் விசாரணைக் குழு கடிதம் அனுப்பியிருக்கிறது. பிரேக் பிடிக்காமல் போனது உண்மை. 'கவனக்குறைவு' என்பதற்குத்தான் என் ஆட்சேபணை. இருபது வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறவன் நான், அதில் ஒன்பது வருஷம் ஷார்ஜாவில். அந்தச் சொல்லை என்னைப் பார்த்து ஒருவரும் சொன்னதில்லை. எனவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

அஸீலாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். கல்யாணமான இரண்டாவது மாதம், வற்றிக் கிடந்த குளத்துக்குள் வண்டியை இறக்கி, "முட்டுததுக்கு இங்கன ஒண்ணுமே இல்ல, தைரியமா ஓட்டு" என்றேன். அவ்வளவு பெரிய குளத்தில் ஒரே ஒரு கருவேல மரம்தான் நின்றது. அதைத் தேடிப் போய் முட்டினாள். மூன்று மாதத்தில் நிலைமை தலைகீழ். அவள் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கலிமா சொன்னேன். பத்தமடை ரோட்டில் தனியார் பஸ்காரர்களே அவளுக்கு வழி விடுவார்கள்.

பெண்பிள்ளை ரேஸ் ஓட்டுவதா என்று ஊரில் நாலு பேர் பேசத்தான் செய்தார்கள். அவளுடைய வாப்பா பீர் முகம்மது மாமா அதற்கு ஒரே பதிலை வைத்திருந்தார். "தலையிலருந்து கழுத்து வரைக்கும் ஹெல்மெட்டு மூடியிருக்கு. இதுக்கு மேல என்ன முக்காடு வேணும்ங்கீக?" நான் ஒரு படி மேலே போனேன். ஒரு கல்லூரியில் மகளிர் தினத்துக்கு என்னைக் கூப்பிட்டு, மனைவியை முன்னேற்றிய கணவன் என்று சால்வை போட்டார்கள். பேசும்போது எனக்கே கண் கலங்கியது. நான் அவளைத் தடுத்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

எங்கள் அணி மொத்தம் நான்கு பேர். ஓட்ட அஸீலா, வண்டிக்கு நான், மேற்பார்வைக்கு மாமா, டயருக்கும் மற்ற முரட்டு வேலைக்கும் கிளமென்ட். கிளமென்ட் கடற்கரைப் பையன் என்றாலும் முப்பது வயதாகிறது. விசைப்படகு எஞ்சின் பார்த்துப் பழகியவன், கார் எஞ்சினைப் பொம்மை மாதிரி பார்ப்பான். ஸ்டாக் கார் பந்தயத்தில் கம்பெனி கொடுத்த எஞ்சினைத் தொடக் கூடாது. எனவே சீட், டயர், பிரேக் இவற்றில்தான் எங்கள் சாமர்த்தியம் எல்லாம். அதுவரை நாங்கள் ஓடியவை மண்ணில் வட்டமாகச் சுற்றும் பந்தயங்கள். இடது பக்கமே திரும்பிக்கொண்டிருந்தால் போதும், பிரேக்குக்கு அதிக வேலை இல்லை. உங்கள் தடம் அப்படியல்ல. வலமும் இடமுமாகப் பன்னிரண்டு வளைவு, ஒவ்வொன்றிலும் அழுத்தி மிதித்தாக வேண்டும்.

அதற்காகக் குளத்துக்குள்ளேயே உங்கள் தடத்தை வரைந்தோம். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் போடுகிற மாதிரி மாமா சுண்ணாம்புக் கோடு போட்டார். நாலாவது வளைவை மட்டும் தினமும் ஒரு ஆட்டுக் கூட்டம் அழித்துவிட்டுப் போகும். மாமாவும் சளைக்காமல் தினமும் அதைத் திரும்பப் போடுவார். அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. ரேடியேட்டருக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். எந்த ஊர்ப் பந்தயம் என்றாலும் இருபது லிட்டர் கேன் ஒன்று எங்களோடு பயணம் வரும்.

"கோயம்புத்தூர்ல தண்ணியா இல்ல மாமா?" என்று கேட்டேன்.

"இருக்கும் மாப்ள. எஞ்சின் பழகுன தண்ணி வேணும்லா" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

அணியில் எனக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அஸீலா வண்டியில் ஏறுமுன் நான் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மூன்று முறை மிதிப்பேன். இறங்கி, "நல்லாருக்கு" என்பேன். அதன் பிறகுதான் அவள் ஏறுவாள். தன் காலால் ஒருமுறை மிதித்துப் பார்க்கக்கூட மாட்டாள். மற்ற அணிக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். எனக்கு அந்த மூன்று மிதிதான் கல்யாண வாழ்க்கையிலேயே பிடித்த நேரம்.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால் அவளுக்கு ஒரு போன் வந்தது. கோயம்புத்தூரில் பெரிய அணி ஒன்றின் மேலாளர். முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிட்டால் ஒரு வருஷத்துக்குத் தங்கள் அணியில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். புதுக் கார், தங்க வீடு, எல்லாம். அன்றைக்கு என் சோற்றில் ஆணம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"போவட்டா மச்சான்?"

"போ. அதுக்கென்ன" என்றேன்.

"நீங்களும் வாங்க. நீங்க இல்லாம நான் மட்டும் அங்கன என்ன செய்ய?"

அவள் கேட்டது அன்பாகத்தான். நானும் யோசித்துப் பார்த்தேன். அந்த அணியில் ஏற்கனவே ஆறு மெக்கானிக் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வைத்துப் பிரேக் பார்க்கிறார்கள். நான் அங்கே போய் என்னவாக இருப்பது? வெறும் கணவனாகவா? அதை நினைத்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லி அவள் மனதைக் கஷ்டப்படுத்தவும் விருப்பமில்லை.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது நாலாவது இடம். அவ்வளவுதான். நாலாவது இடம் ஒன்றும் கேவலமில்லை, அதற்கும் நீங்கள் சான்றிதழ் கொடுக்கிறீர்கள்.

பிரேக் ஆயிலுக்குத் தண்ணீர் ஆகாது. பட்டறை வாசலில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூட இது தெரியும். கொஞ்சம் கலந்தாலும், ஆயில் சூடேறும்போது உள்ளே ஆவியாகி, மிதித்தால் பெடல் வெறுமனே இறங்கும். மண் வட்டத்தில் இது தெரியவே தெரியாது. உங்கள் தடத்தில் ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு தெரியும். அவள் கெட்டிக்காரி. பெடல் இளகினால் வேகத்தைக் குறைத்து ஓட்டுவாள், இரண்டு மூன்று கார் முந்திப் போகும், பத்திரமாக வந்து சேர்வாள். நான் போட்ட கணக்கு இதுதான்.

பந்தயத்தன்று காலை, பிரேக் குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, கிளமென்ட் வருவதற்கு முன்னால், இருமல் மருந்து மூடியில் ஒரு அளவு தண்ணீர் எடுத்து ஆயிலில் சேர்த்தேன். மூடியில் கோடு போட்டிருக்கிறதே, அதைப் பார்த்து அளந்துதான் ஊற்றினேன். கூடிவிடக் கூடாது என்று கண்ணாடி மாட்டிக்கொண்டேன். மாமாவின் கேன் பக்கத்திலேயே இருந்ததால் தண்ணீருக்கு அலையவில்லை. கவனக்குறைவாக இருந்த ஒருவன் இதையெல்லாம் செய்வானா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். பிறகு வழக்கப்படி ஏறி மூன்று முறை மிதித்து, "நல்லாருக்கு" என்றேன். அந்த நேரத்தில் அது நன்றாகத்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

ஐந்தாவது சுற்றில் அவள் இரண்டாம் இடத்தில் இருந்தாள். சுற்று எண்ணிக்கைப் பலகையைப் பிடித்திருந்த கிளமென்ட் ஆட ஆரம்பித்துவிட்டான். மாமா கண்ணை மூடித் துஆ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் கற்றுக்கொடுத்த பெண் அல்லவா.

உங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், 'மோதுவதற்கு முன் ஓட்டுநர் பிரேக் பற்றித் தன் அணியிடம் ரேடியோவில் எந்தப் புகாரும் சொல்லவில்லை' என்று இருக்கிறது. இதையும் திருத்த வேண்டும். அவள் சொன்னாள். ஆறாவது சுற்றில், "மச்சான், பெடலு பையப் பைய உள்ள போகுது" என்றாள். ஹெட்போன் மாட்டியிருந்தது நான் ஒருவன்தான், எனவே மற்றவர்களைக் கேட்டால் தெரியாது. வண்டியைப் பழுது பார்க்கும் பிட்டுக்குள் கூப்பிட்டிருந்தால் மூடியைத் திறந்து ஆயிலைப் பார்ப்பார்கள். எல்லார் முன்னாலும் ஒரு மெக்கானிக்குக்கு அது நல்ல பெயரா? மேலும் அவள் நான் நினைத்த மாதிரி வேகத்தைக் குறைக்கவும் இல்லை. இது என் கணக்கில் விழுந்த ஒரே தப்பு. அவள் ஏன் குறைக்கவில்லை என்று பிறகு யோசித்தேன். நான் சொன்னதை நம்பியதால்தான்.

"சூட்டுக்கு அப்படித்தான் இருக்கும். ஒண்ணுமில்ல, ஓட்டு" என்று சொல்லியிருந்தேன்.

ஏழாவது சுற்றில் மறுபடி, "நெசமாவா மச்சான்?" என்று கேட்டாள்.

"நெசமாத்தான்" என்றேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். வலது கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. தகடு வைத்திருக்கிறார்கள். தலையில் அடிபட்டதால் கடைசிச் சில சுற்றுகள் அவளுக்கு நினைவில்லை என்று டாக்டர் சொன்னார். அடுத்த மூன்று மாதமும் நான் அவளுக்குச் செய்த பணிவிடையை மேலப்பாளையத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தூக்கி இறக்கினேன், கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். தான் தாமதமாகப் பிரேக் மிதித்து எல்லார் உழைப்பையும் கெடுத்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். "பரவால்ல விடு, யாருக்கும் தப்பு வரும்" என்று ஆறுதல் சொன்னேன். என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். உண்மையைச் சொன்னால், அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

போன மாதம் ஒருநாள் திடீரென்று, "நான் ரேடியோல ஏதாச்சும் சொன்னேனா மச்சான்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி" என்றாள். அடுத்த நாள் கிளமென்டைக் கூப்பிட்டு, நொறுங்கிய காருக்குள் இருந்த சின்னக் கேமராவைக் கழற்றி எடுத்துவரச் சொன்னாள். இரண்டு பேரும் லேப்டாப்பில் போட்டு வெகுநேரம் பார்த்தார்கள். நான் உள்ளே போனதும் மூடிவிட்டார்கள். விபத்தை நான் மறுபடி பார்த்தால் மனம் உடைந்துவிடுவேன் என்றுதான். அந்தக் கேமரா படம் மட்டும்தான் பிடிக்கும், பேச்சைப் பதியாது என்று நினைக்கிறேன். விற்றவன் விவரமாக எதுவும் சொல்லவில்லை.

இப்போது அவள் ஊன்றுகோலோடு குளத்துக்குப் போகிறாள். இடது காலால் பிரேக் மிதிக்கப் பழகுகிறாள். மாமா மறுபடி சுண்ணாம்பு வாங்கிவிட்டார். கோயம்புத்தூர் மேலாளரும் இரண்டு முறை போன் செய்துவிட்டார். போன வாரம் பட்டறைப் பூட்டை மாற்றியிருக்கிறார்கள். புதுப் பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று அவளிடம், ஒன்று மாமாவிடம், ஒன்று கிளமென்டிடம். மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவன் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் என்று எனக்குக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இந்தத் தாள்களைத் தானே தபாலில் சேர்ப்பதாக அஸீலா சொல்லியிருக்கிறாள். உறையை ஒட்டாமல் தரச் சொன்னாள். கொடுக்கத்தான் போகிறேன். அவள் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. அவள்மேல் நான் வைத்திருக்கும் பிரியத்தைத் தவிர இதில் வேறென்ன எழுதியிருக்கிறேன்.