மயோர்ஸ்டுவாவில் தமிழர் இல்லை

— சத்தமாக் கூப்பிடாதை, பிள்ளை. பேரைச் சொல்லாதை.

— அன்ரி, இஞ்சை ஒருத்தருக்கும் தமிழ் விளங்காது.

— அதுக்குத்தானே ஹவுகன்ஸ்டுவாவிலை இருந்து ரெயின் மாறி இவ்வளவு தூரம் வாறனான். மயோர்ஸ்டுவாவிலை தமிழர் இல்லை எண்டு. நீ எங்கடை பக்கத்து அப்பொத்தேக்கிலை எல்லோ மருந்து குடுத்துக்கொண்டு நிண்டனீ?

— இஞ்சை வேலை செய்யிற ஒராளுக்குச் சுகமில்லை. இண்டைக்கு மட்டும் என்னை அனுப்பினவை.

— மாதாவே. இண்டைக்கு மட்டும்.

— உந்தச் சின்ன அறைக்கை வாங்கோ. கதவைச் சாத்திறன். ஆக்களோடை தனியக் கதைக்கிறதுக்கெண்டே வைச்சிருக்கினம். இருங்கோ.

— வேண்டாம் துஷ்யா. நான் இன்னொரு நாளைக்கு வாறன்.

— ஐடி காட்டைத் தந்திட்டியள், அன்ரி. நானும் கொம்பியூட்டரிலை திறந்திட்டன். பாத்திட்டன். "ஊசி இல்லை, குளிசை இல்லை, இந்த ரஞ்சனியைப் பாருங்கோ." அப்பிடித்தானே லைவிலை துவங்குவியள்?

— நீ உதெல்லாம் பாக்கிறனியோ?

— அம்மா ரீவியிலை போட்டு விடுவா. வீடு முழுக்கக் கேக்கும். பாக்காமல் இருக்க ஏலாது. இது மெலியிறதுக்கான ஊசி. கிழமைக்கு ஒருக்கா வயித்திலை குத்திறது.

— என்னத்தை எங்கை குத்திறதெண்டு எனக்குத் தெரியும்.

— நான் கேக்கத்தான் வேணும், அன்ரி. என்ரை வேலை. பக்கவிளைவு ஏதும் இருக்கோ?

— ஓம். ஒண்டு இருக்கு. இப்ப உனக்கு முன்னாலை வந்து இருக்கிறன். சிரியன். சிரிக்கிற விசயம்தானே.

— எனக்குச் சிரிப்பு வரேல்லை.

— நீ ஒருத்தருக்கும் சொல்லமாட்டாய்தானே?

— சொல்ல ஏலாது. சட்டம். இஞ்சை கேட்டது வெளியாலை போனா என்ரை வேலை போயிடும்.

— கொம்மாவுக்கும்?

— அம்மாவுக்கும்.

— சத்தியம் பண்ணு.

— சட்டம் எண்டு சொல்லுறன், அன்ரி. சத்தியத்தை விடப் பெரிசு.

— நோர்வேச் சட்டம் எனக்கு எதுக்கு? அந்தோனியார் மேலை பண்ணு.

— அல்சோ, அன்ரி…

— உந்த நோர்வேக்காரற்றை அல்சோவை விட்டிட்டுப் பண்ணு.

— சரி. அந்தோனியார் மேலை சத்தியமாச் சொல்லமாட்டன். இப்ப நான் ஒண்டு கேக்கலாமோ?

— கேள்.

— ஏன்? அவசரமில்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ.

— பொய் சொல்லவேணும் எண்டு நான் வெளிக்கிடேல்லை, பிள்ளை. தமிழ்ப் பூசை முடிஞ்சு கோயிலுக்குக் கீழை கோப்பி குடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். ரஞ்சனி வந்து இருந்தா வாங்கிலை மற்றவைக்கு இடமில்லை எண்டு பகிடி பண்ணின சனம் அது. அண்டைக்கு என்னைச் சுத்தி நிக்குது. "எப்பிடியடி மெலிஞ்சனீ, வடிவா வந்திட்டாய்" எண்டு கேக்குது. ஆரோ கொண்டுவந்த சாப்பாடு என்ரை கையிலை. கோப்பையிலை முருங்கையிலை வறை கிடந்தது. வாயிலை அதுதான் வந்துது.

— முருங்கையிலை எண்டு.

— ஊசி எண்டு சொன்னா என்ன கதைப்பினம்? வாயைக் கட்டத் தெரியாமல் டொக்டரிட்டைப் போய் அழுது மருந்து வாங்கினவள். முருங்கையிலை எண்டா, ரஞ்சனி கெட்டிக்காரி. அந்த ஒரு சொல்லாலை நான் கெட்டிக்காரி ஆனன். என்னை அதுக்கு முந்தி ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்லை.

— அதோடை நிப்பாட்டியிருக்கலாம்.

— எப்பிடி நிப்பாட்டுறது? அடுத்த ஞாயிறு செய்முறை கேட்டினம். பிறகு எல்லாருக்கும் சொல்லிக் களைக்காமல் போனிலை லைவா காட்டு எண்டினம். அதுக்குப் பிறகு எங்களுக்கு இடிக்க நேரமில்லை, பவுடராத் தா எண்டினம். பேந்து நான் எந்த இடத்திலை நிண்டு "அது பொய்" எண்டு சொல்லுறது?

— உங்கடை லைவுக்குக் கீழை கனடாவிலை இருந்தும் ஒராள் எழுதியிருந்தவ. "அக்கா, உங்களைப் பாத்து நானும் பிறஷர்க் குளிசையை விட்டிட்டன்" எண்டு. அதுக்குக் கீழை நீங்கள் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தியள்.

— எல்லாருக்கும் போடுறதுதான். நான் வாசிக்கிறேல்லை.

— …

— அப்பிடிப் பாக்காதை. வாசிச்சனான். வாசிச்சிட்டு, வேறை என்ன போடுறதெண்டு தெரியாமல் இதயத்தைப் போட்டனான்.

— அன்ரி, இந்த ஊசியின்ரை பேரை ஒரு மட்டையிலை எழுதி அந்த யன்னலிலை ஒட்ட எங்களுக்கு உரிமை இல்லை, தெரியுமோ? டொக்டர் எழுதித் தாற மருந்தைச் சனத்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது.

— நல்லதாப் போச்சு. அப்ப நான் சட்டத்துக்கு நல்ல பிள்ளை.

— இந்த ஊரிலை இந்த ஊசிக்கு உங்களைப் போல விளம்பரம் ஒருத்தரும் செய்யேல்லை. உங்கடை உடம்பைத்தானே எல்லாரும் பாக்கினம். மருந்து வேலை செய்யுது, பேர் முருங்கையிலைக்குப் போகுது.

— உப்பிடிக் கதையாதை, பிள்ளை. நீ என்ரை பிள்ளையளோடை மறைக்கல்விக்குப் போன பிள்ளை.

— அதாலைதான் மெதுவாக் கதைக்கிறன்.

— ஆரோ கதவைத் தட்டுகினம்.

— என்னோடை நிக்கிற பிள்ளை. பொறுங்கோ… சரி, போயிட்டாள்.

— என்னவாம்?

— உங்களுக்கு ஏதும் உதவி வேணுமோ எண்டு கேக்கிறாள். அழுறியள் எண்டு நினைச்சிட்டாள்.

— நான் அழேல்லை எண்டு சொல்லு.

— சொல்லிட்டன்.

— அழுறதுக்கும் ஒரு அறை கட்டி வைச்சிருக்கினம். நல்ல சனம். நீ என்ன, முருங்கையிலை கூடாதெண்டோ சொல்லுறாய்?

— இல்லையே. நல்ல சாமான். வெந்தயமும் நல்லது. எங்கடை வீட்டிலை நானும் சாப்பிடுறனான். சாப்பாடாச் சாப்பிடுங்கோ. குளிசையை எறிஞ்சுபோட்டுச் சாப்பிடச் சொல்லாதையுங்கோ.

— நான் எறியச் சொல்லேல்லை.

— அம்மா எறிஞ்சிட்டா, அன்ரி. சீனிக்குளிசை முழுக்க. பெட்டியோடை. நான் பார்மசிஸ்ட். என்ரை அம்மாவுக்கு நான் சொல்லுறது ஏறாது. "உன்ரை படிப்பு உன்னோடை இருக்கட்டும், ரஞ்சனியைப் பார்" எண்டுறா. ஒவ்வொருநாள் காலமையும் உங்கடை பவுடரைக் கலக்கி, நான் காணத்தக்கதா என்ரை முன்னாலை இருந்து குடிக்கிறா.

— லூர்து அக்கா மெலிஞ்சிருக்கிறாதானே.

— மெலிஞ்சிருக்கிறா. சட்டையெல்லாம் தொங்குது. கோயிலிலை எல்லாரும் வடிவு எண்டுகினம். வீட்டிலை சோத்தைக் கண்டா முகத்தைத் திருப்பிறா. சத்தி எடுக்கிறா. நடக்கேக்கை சுவரைப் பிடிக்கிறா. பவுடருக்கை வேறை என்ன கலக்கிறியள், அன்ரி?

— முருங்கையிலை, வெந்தயம், கறிவேப்பிலை. என்ரை பிள்ளையளாணை வேறை ஒண்டுமில்லை.

— அப்ப ஏன் சத்தி எடுக்கிறா?

— …

— சீனி கட்டுமட்டு இல்லாமல் ஏறினாலும் சத்தி வரும். அது ஆளைக் கொண்டுபோற சத்தி. டொக்டரிட்டைப் போவம் எண்டா வரமாட்டாவாம். உடம்பைச் சோதிக்க விடமாட்டாவாம்.

— சோதிக்க விடமாட்டாவோ?

— ஓம். கையைத் தரமாட்டா. நான் தொடப் போனாலே சட்டையை இழுத்து மூடுறா. ஏன் அன்ரி உங்கடை முகம் அப்பிடிப் போகுது?

— ஒண்டுமில்லை. தண்ணி கிடக்கோ?

— இந்தாங்கோ. குடியுங்கோ… அன்ரி, நான் ஒரு உதவி கேக்கப் போறன். என்னாலை சொல்ல ஏலாது. உங்களாலை ஏலும். லைவிலை வேண்டாம். கோயிலிலையும் வேண்டாம். இப்ப போனை எடுத்து அம்மா ஒராளுக்கு மட்டும் சொல்லுங்கோ. "லூர்து அக்கா, நான் ஊசிதான் போடுறனான், நீங்கள் உங்கடை குளிசையைப் போடுங்கோ" எண்டு. அவ்வளவுதான்.

— ஏலாது.

— ஒராளுக்கு, அன்ரி.

— ஏலாது பிள்ளை. கேளாதை.

— வெக்கமோ?

— வெக்கம்தான்.

— எனக்கும் வெக்கம்தான். உங்களுக்கு மட்டும் எண்டு நினைக்கிறியளோ? பகல் முழுக்க இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாற ஒவ்வொருத்தருக்கும் "குளிசையை நிப்பாட்டாதையுங்கோ" எண்டு சொல்லுறன். வீட்டை போனா என்ரை அம்மா. ஒருநாள் கத்திப்போட்டன். "நீ விழுந்து செத்தா நான் என்ன முகத்தோடை வேலைக்குப் போறது" எண்டு. பெத்த தாயைப் பாத்து. அவ செத்தா எனக்கு என்ன நடக்கும் எண்டுதான் கேட்டனான், அன்ரி. அவவுக்கு என்ன நடக்கும் எண்டு கேக்கேல்லை. அண்டையிலை இருந்து அவ என்ரை முன்னாலை சத்தி எடுக்கிறேல்லை. குளியலறைக்கை போய்த் தண்ணிப் பைப்பைத் திறந்து விட்டிட்டு எடுக்கிறா. எனக்குக் கேக்காது எண்டு நினைக்கிறா. கேக்கும் அன்ரி. சுவர் வெறும் மட்டைதான்.

— …

— ஏதாவது கதையுங்கோ.

— என்னத்தைக் கதைக்கிறது? மருந்தைத் தா, பிள்ளை. நான் போறன்.

— சரி. தாறன். உங்கடை மருந்தைத் தரமாட்டன் எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை… ஒரு நிமிசம்.

— இப்ப என்ன?

— இதிலை ஒரு கணக்கு இடிக்குது. போன முறை எடுத்த ஊசிப் பேனை இன்னும் முடிஞ்சிருக்கக்கூடாது. அதுக்கு முந்தினதையும் வேளைக்கு வந்து எடுத்திருக்கிறியள். கூடக் குத்திறியளோ?

— இல்லை. டொக்டர் சொன்ன மாதிரித்தான்.

— டொக்டர் உங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, இப்ப ஆகப் பெரிய அளவிலை விட்டிருக்கிறார். இதைப் பழகாத உடம்பிலை குத்தினா ஆள் சுருண்டு போகும். அதாலைதான் கேக்கிறன். மிச்சம் எங்கை போகுது? ஆருக்கும் விக்கிறியளோ?

— சீ! என்ன பிள்ளை கதைக்கிறாய்!

— பின்னை? அன்ரி, என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.

— போன பாஸ்காவுக்கு எங்கடை வீட்டை வந்த இடத்திலை, வெண்ணெய் எடுக்கப் பிறிஜ்ஜைத் திறந்து கண்டுபோட்டா. நான் காலிலை விழாத குறை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ எண்டு.

— ஆர் கண்டது?

— "நான் ஏன் ரஞ்சனி சொல்லப்போறன்? எனக்கும் அதிலை கிழமைக்கு ஒண்டு குத்திவிடு, அப்பொத்தேக்கிலை நிக்கிற என்ரை மகளுக்கு மட்டும் தெரியக்கூடாது" எண்டவ.