மிதிக்காமல் ஏறியவர்

மாலை ஆறே கால். குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலை. சற்றுமுன் போன பஸ்ஸின் புகைகூட அடங்கிவிட்டது... சாலையில் ஒரே ஒருத்தன். அவனுக்கடியில் ஒரு பந்தய சைக்கிள்.

நம்ம ஆண்டனி ராஜோட மச்சான் ஜேசுதாஸ்தான் அவன். சாமி சத்தியமாக நடந்தது. நான் கொஞ்சம் உப்புப் போட்டிருப்பேன், அவ்வளவுதான். நெருங்கி உட்காருங்கள்.

சேலத்து சைக்கிள் குழுவின் வருடாந்திரச் சவாரிக்கு ஜேசுதாஸ் ஒரு வழி வகுத்திருந்தான். அடிவாரத்தைச் சுற்றிக் குப்பனூர் வந்து மேலேறி, காப்பித் தோட்டங்களுக்குள் நாகலூரைத் தொட்டு, ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கு வழியாக இருபது கொண்டை ஊசி வளைவிலும் இறங்கிச் சேலத்துக்கே திரும்பும் முழு வட்டம். அதைக் கற்பனையில் ஓட்டி ஓட்டியே ஆள் பாதியாக இளைத்துவிட்டான். தூக்கத்தில்கூட மனைவி ஈவ்லினின் முதுகில் விரலால் வளைவு போட்டுக்கொண்டிருந்தான் என்றால் பாருங்கள்.

ஆனால் குழுவில் ஒரு சட்டம். எவன் வழி சொல்கிறானோ அவனே முதலில் தனியாக, ஏற்றத்தில் கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். நின்றால் செல்போன் பதிவு காட்டிக் கொடுத்துவிடும். முடியாவிட்டால் குழுவில் இவனுக்குப் போட்டியான சத்யராஜ் சொல்லும் பைபாஸ் வழிதான். தோசைக்கல் மாதிரி தட்டையான ரோடு. அதில் போவதற்குச் சைக்கிள் எதற்கு, தள்ளுவண்டி போதும் என்று ஜேசுதாஸுக்கு வயிறு எரிந்தது.

முதல் தடவை போனான். பஞ்சர். இரண்டாம் தடவை செயின் அறுந்தது. மூன்றாம் தடவை, நாகலூருக்கு முன்னால், ஒரு காட்டுமாடு சாலைக்குக் குறுக்கே நின்றது. பஸ் நீளம் இருக்கும். கால் ஊன்றக்கூடாதே என்று அதன் முன்னாலேயே ஜேசுதாஸ் வட்டமடித்தான்... வட்டமடித்தான்... மாடு நகரவில்லை. தலைசுற்றி இவன்தான் விழுந்தான். கதையைக் கேட்டு சத்யராஜ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சி, மாட்டையே குழுவுல சேத்திக்கலாம். அது உன்னாட்டம் உழுகாது."

மறுநாள் காலை முடிவு எடுக்கிறார்கள். அதற்கு முந்தின மாலைதான் இது. ஆபீசில் விடவே மாட்டோம் என்று கழுத்தறுத்துவிட்டு, கடைசியில் விட்டார்கள். குப்பனூரில் டீக்கடை பழனியம்மாள் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இத்தன வெல குடுத்து வாங்கிருக்கறீங்க, ஒரு ஸ்டாண்டு போட்டுத் தரமாட்டேன்னுட்டானுங்களா?"

அதற்கும் எரிச்சல். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏறத் தொடங்கினான்.

பாதி மலையில் மூடுபனி இறங்கியது. காப்பிப் பழத்தோல் புளித்த வாடை. சக்கரம் ஈரத்தில் ஓடும் சர்ர்ர்... அப்புறம் பின்னால் ஒரு சத்தம்.

டிக்... டிக்... டிக்... டிக்...

சைக்கிள்தான். பின்சக்கரத்துப் பல் ஓடும் சத்தம். சத்யராஜ் உளவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறான் என்று ஜேசுதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் பயந்துவிட்டான் என்பார்கள். பார்க்கவில்லை. பல்லைக் கடித்து மிதித்தான். சத்தமும் கூடவே வந்தது. நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

நாகலூர்ப் பக்கம் திரும்பியதும் எதிர்க்காற்று. காற்றா அது... சில்வர் ஓக் மரமெல்லாம் வில்லாக வளைந்தது. தொடை நெருப்பாக எரிய, சைக்கிள் நின்றுவிடும் போல ஆடியது. இத்தனை பாடுபட்டு இங்கேயா கால் ஊன்றுவது?

குழுவாகப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் காற்றைத் தாங்குவான். களைத்துப் போனால் முழங்கையை ஒரு வெட்டு வெட்டி ஒதுங்குவான். பின்னால் வருகிறவன் பேசாமல் முன்னேறிக் காற்றைத் தாங்கிக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் மறுபடி மாற்றிக்கொள்ள வேண்டும். உளவு பார்க்க வந்தவன் கொஞ்சம் காற்று வாங்கட்டுமே என்று, கடுப்பில், ஜேசுதாஸ் முழங்கையை வெட்டினான்.

டிக் டிக் டிக்... வலப்பக்கமாக வந்தது. ஈரச் சாக்கு வாடை ஒன்று முகத்தை உரசிப் போனது. முன்னால் ஏறியது.

ஆள் இல்லை.

எதிரே பனி மட்டும், ஒரு ஆள் அகலத்துக்குப் பிளந்துகொண்டே போனது. காற்று நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் மரம் பேயாட்டம் ஆடுகிறது. இவன் சட்டைக் காலர்கூட அசையவில்லை. சைக்கிள் வெண்ணெயில் கத்தியாக ஏறியது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மிதித்தால் அந்தச் சத்தம் வராது. மிதிப்பதை நிறுத்தினால்தான் வரும். ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்று, சரிந்து, பின்னால்தான் போகும்...

பாதி மலையிலிருந்து இதுவரை மிதிக்காமலே ஏறி வந்தது யார்?

வேறு எவனாக இருந்தாலும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். ஆனால் இறங்கினால் கால் ஊன்ற வேண்டுமே... சத்யராஜ் முகம் கண்ணில் வந்தது. ஜேசுதாஸ் இறங்கவில்லை. பல் கிட்டித்துப்போய், கர்த்தரே கர்த்தரே என்று முனகிக்கொண்டு, அந்தப் பிளவுக்குப் பின்னாலேயே போனான். நாகலூர் போனது. ஒண்டிக்கடை வெளிச்சம் போனது. இருபது வளைவையும் இறங்கினான். அந்த இறக்கத்துக் காற்றுக்காகத்தானே மனுஷன் இந்த வழியையே வகுத்தான்? ஒரு சொட்டுக் காற்று முகத்தில் படவில்லை. பெட்டிக்குள் உட்கார்ந்து உருண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் பதிவைப் பார்த்து சத்யராஜே கை கொடுத்தான். ஜேசுதாஸின் வழிதான் முடிவானது. ஞாயிற்றுக்கிழமை குழுவே போய், ஆகா ஓகோ என்று புகழ்ந்து, இறக்கத்தில் காற்று முகத்தில் அறைந்ததைப் பற்றி மாறி மாறிப் பேசியது. ஜேசுதாஸுக்கு மட்டும் அன்றைக்கும் காற்று படவில்லை. முன்னால் போய்த் தன் முறைக்குக் காற்றைத் தாங்கி அவரை விடுவிக்கலாம் என்று எவ்வளவு மிதித்தும், தாண்டிப் போக எதிரே ஒருத்தரும் தெரியவில்லை.

அதற்கப்புறம் சைக்கிளைத் தொடவில்லை. ஆனால் வீட்டில் டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்தாலும் அப்படித்தான். காலண்டர் படபடக்கும். ஈவ்லின் சேலைத் தலைப்பு பறக்கும். இவன் நெற்றி வேர்வை மட்டும் காயாது. மெக்கானிக்கைத் திட்டினான், புது ஃபேன் வாங்கினான், நாற்காலியை வீடு முழுக்க இழுத்தான். ஒன்றும் நடக்கவில்லை.

போன வாரம் ராத்திரி, இவன் புலம்பல் தாங்காமல் ஈவ்லின் எழுந்து வந்தாள். ஃபேனுக்கும் இவன் முகத்துக்கும் நடுவில் கையை நீட்டினாள். பாதியில், வெறும் இடத்தில் எதிலோ பட்ட மாதிரி, கை நின்றது. மெதுவாகத் தடவிப் பார்த்தாள்... மேலே... கீழே...

கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, ரொம்பச் சன்னமாகச் சொன்னாள்.

"ஏனுங்க... இவருக்கு முதுகெல்லாம் நொம்ப வேர்த்திருக்குதுங்க."