பின்னால் நின்ற அப்பா

தேயிலை மலைமேல் கம்போங் ராஜா ஊருக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்த அப்பாவிடம் கேட்டாள்.

"நேத்து இன்டர்வியூ முடியிற வரைக்கும் எதுக்குப்பா எம் பின்னால நின்னுக்கிட்டே இருந்தீங்க?"

"புரொபசர்னா நம்ம எஸ்டேட் பெரிய துரை மாதிரிதானே. அவங்க பேசுறப்ப நான் எப்படி உக்கார்றது?"

"அவங்க கோலாலம்பூர்ல இருந்தாங்கப்பா. நாம வீட்ல லேப்டாப் முன்னால இருந்தோம்."

"வீடியோவுல பார்த்தாங்கல்ல."

"தேயிலை நோய ஆராய்ச்சி பண்ண மாஸ்டர்ஸ் சீட்டு கேக்குறேன். அவங்க பாதி நேரம் உங்க சட்டை பட்டனையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கெடுத்துட்டேனாம்மா?"

"தெரியலப்பா. பின்னால யாரு, ஏன் நிக்கிறாருன்னு அந்த புரொபசர் மேடம் கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"எங்க அப்பா, எஸ்டேட்ல இன்டர்நெட் லைன் சரியா கெடைக்காது, லேப்டாப்புக்கு லைன் கெடைக்க எனக்காகப் போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாருன்னு சொன்னேன்."

"பொய்யா சொன்ன?"

"உங்களைப் பார்த்து அவங்க சிரிச்சிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாதுப்பா."

பஸ் கியா பார்ம் சந்தையைத் தாண்டியபோது அவர் ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"மறுபடி கூப்பிட்டாங்கன்னா, நெசமாவே போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன் லா."