ஐந்தாவது விக்கெட்

இந்த ஏசியைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் நல்லது, மேடம். குளிர் பட்டால் என் வலது தோள் பிடித்துக்கொள்ளும். வேகப்பந்து வீசுகிறவர்களுக்கு இது கூடவே வரும் சனியன். நன்றி. இனி நிதானமாகப் பேசலாம்.

அன்றைய ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான்கு ஓவர், பதினோரு ரன், ஐந்து விக்கெட். பெண்கள் லீக்கில் இதுவரை இப்படி யாரும் வீசியதில்லை என்று டிவியில் தொண்டை கிழியக் கத்தினார்கள். முதல் நான்கு விக்கெட்டில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. காலடியில் குத்தும் யார்க்கர் ஒன்று, மெதுப்பந்து மூன்று. மாங்கு மாங்கென்று பயிற்சி செய்து கற்றவை. ஐந்தாவதில் பந்து பனி ஈரத்தில் கை நழுவியதா என்று கேட்கிறீர்கள். நழுவவில்லை.

ஐந்தாவது விக்கெட் குருவி. ஆள் அத்தனை சிறியவள் என்பதால் அந்தப் பெயர். ஆனால் அடித்தால் பந்து கூரையில்தான் விழும். முன்பு ஒரே அணியில் இருந்தபோது நாங்கள் இருவரும் ஒரே அறை. என் பேஸ்ட்டை நடுவில் பிதுக்கி வைப்பாள். திட்டினால், "ஒரு பேஸ்ட்டுக்கு எவ்ளோ பாட்டு பாடுறக்கா நீ" என்பாள். சிரிப்பு வந்துவிடும்.

அந்த அறையில்தான் ஒருநாள் சொன்னாள். "அக்கா, யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத. இடது கண்ணுல மேல்பக்கம் மங்கலா இருக்கு. நெஞ்சுக்கு மேல வர்ற பந்து கடைசில காணாமப் போயிடுது. டாக்டர்கிட்ட போனா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் ஆடுனாத்தான் வீட்ல அடுப்பு எரியும்."

சொல்லமாட்டேன் என்றேன். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் ரகசியமும் அவளுக்குத் தெரியும். மெதுப்பந்து போடும் முன் என்னை அறியாமல் கீழுதட்டைக் கடித்துக்கொள்வேன். கண்டுபிடித்தவள் அவள். பிறகு ஏலத்தில் ஆளுக்கொரு அணிக்குப் போனோம். இந்த சீசனில் முதல் முறை எதிரெதிரே வந்தபோது, அவள் அணியில் கடைசியில் இறங்கிய ஆள்கூட என் மெதுப்பந்தைக் காத்திருந்து அடித்தாள். அடுத்த ஆட்டங்களில் நான் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். காட்டிக்கொடுத்தது யார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இரண்டாவது முறை சந்தித்ததுதான் நீங்கள் விசாரிக்கும் ஆட்டம். என் கடைசி ஓவரின் கடைசிப் பந்து. யார்க்கருக்கு ஏற்றபடி ஆட்களை நிறுத்தினேன். குருவியும் அதை நம்பி கிரீஸுக்குள் பின்தள்ளி நின்றாள். நான் தலை உயரத்துக்கு எகிறும் பவுன்சர் போட்டேன். விதி அனுமதிக்கிற பந்துதான். அன்று அதற்கு முன் ஒன்றுகூடப் போடவில்லை. அவள் பந்தைத் தேடித் தலையைத் தூக்கினாள். ஹெல்மெட்டின் விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். அதில் புகுந்து வலது கண்ணில் அடித்தது. பந்து கீழே விழுந்து உருண்டு ஸ்டம்பில் பட்டது. பெயில் விழுந்ததால் அது என் கணக்கில் சேர்ந்தது.

ஆட்டநாயகி விருதுக்குக் கூப்பிட்டார்கள். போய் வாங்கிக்கொண்டேன். பிறகு மருத்துவமனைக்குப் போனேன். குருவியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அவளுக்குக் கூடப்பொறந்தவ மாதிரிம்மா, மனச விட்டுடாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணின் மங்கலும் பரவிக்கொண்டே வந்து, இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் அவளால் சொல்ல முடிகிறது.

பழிவாங்கினேன் என்று நினைக்கிறீர்கள். அது இல்லை, மேடம். அன்று காலையிலேயே, ஆட்ட வீடியோக்களை அலசும் எங்கள் ஆள் என்னிடம் சொல்லிவிட்டான். "அக்கா, நீங்க ஒதட்ட கடிக்கிறது டிவி க்ளோசப்லயே தெரியுது. அவங்க வீடியோ ஆளு என்கூடப் படிச்சவன், நம்மளோட ஆடுன போன மேட்சுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டானாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்." அதனால்தான் அன்று வேகப்பந்துக்கும் உதட்டைக் கடித்து அவர்களைக் குழப்பினேன், மெதுப்பந்து மறுபடி விக்கெட் எடுத்தது. குருவி யாரிடமும் வாய் திறக்கவில்லை. பந்தைக் கையில் எடுக்கும்போதே எனக்கு அது தெரியும்.

ஆனால் அதற்குள் நான் செய்யக் கூடாததைச் செய்துவிட்டிருந்தேன். முதல் ஆட்டம் முடிந்ததும் எங்கள் பஸ் பக்கத்தில் வந்து, "நான் சொல்லலக்கா, அம்மா சத்தியமா சொல்லல" என்று அழுதாள். எல்லார் முன்னிலும், "நீ யாருன்னே எனக்குத் தெரியாது" என்றேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகு, அந்த முகத்தை எப்படி நேருக்கு நேர் பார்ப்பது என்று எனக்கு ஒரே கூச்சம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம்தான். கேட்டுப் பழக்கமில்லை. யார்க்கர் போட்டிருந்தாலும் அவள் அவுட்தான், ஆனால் ஆட்டம் முடிந்து கை குலுக்க வந்து என்னைப் பார்த்திருப்பாள். அவள் பார்க்கக் கூடாது என்றுதான் அந்தப் பந்தைப் போட்டேன்.

இப்போது கூச்சம் இல்லை. தினமும் போய் ஊட்டிவிடுகிறேன், தலை வாரிவிடுகிறேன். "அக்கா வந்துட்டியா" என்று நான் இல்லாத பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். அவள் அம்மா இப்போது வேலைக்குப் போய்விடுகிறார். என்னை உள்ளே தள்ளிவிட்டால் பகலெல்லாம் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், மேடம்? அதையும் கொஞ்சம் யோசித்து முடிவெடுங்கள்.