எஸ்தர்புரத்துக்குக் காத்திருந்த வண்டி

...துக்க வீட்டுக்குப் போறோம். மாலை போடறோம், கையைப் பிடிச்சு அழறோம். சரி... அதுக்கப்புறம்? யோசிங்க. அதுக்குத்தான் இப்ப ஒரு குட்டிக் கதை சொல்லப் போறேன். அந்த ஓரத்துல கொட்டாவி விடற ஐயா, நீங்களும் கேளுங்க!

குன்னூர்ல மூணு சிநேகிதங்க. சுக்கூர் பாய், பேக்கரி வச்சிருக்கார். பெள்ளி, பேங்க்ல கேஷியர். மூணாவது ஆளு ஞானசிகாமணி, ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர். மூணு பேருமே அம்பதைத் தாண்டினவங்க. மூணு பேருக்கும் ஒரே பைத்தியம்... என்ன பைத்தியம்? ரயில்! பெரிய ரயில் இல்லங்க. உள்ளங்கை நீளத்துக்குப் பெட்டி, விரல் அகலத்துக்குத் தண்டவாளம். பேக்கரி மாடில ஒரு ரூம் முழுக்க அதுதான். மார்கழிக் குளிர்ல ஊரே கம்பளிக்குள்ள சுருண்டு கிடக்கும். இவங்க மூணு பேரும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் மப்ளரைச் சுத்திக்கிட்டு அங்க ஆஜர். கீழ பேக்கரி அடுப்பு எரியுது பாருங்க, ரூம் கதகதன்னு இருக்கும். சிரிக்காதீங்கம்மா... சீட்டாடறதுக்கு இது எவ்வளவோ தேவல!

ஆளுக்கொரு ஸ்டேஷன். கீழ் ஸ்டேஷன் பெள்ளிக்கு, மேல் ஸ்டேஷன் பாய்க்கு, நடு ஸ்டேஷன் வாத்தியாருக்கு. அந்த நடு ஸ்டேஷனுக்கு மஞ்ச போர்டுல அவர் என்ன பேர் எழுதினார் தெரியுமா? எஸ்தர்புரம்! எஸ்தர் யாரு? அவரோட சம்சாரம். அந்தம்மா எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பாங்களாம். "ஊர்ல அவனவன் பொண்டாட்டிக்கு வளையல் வாங்கித் தர்றான்... எங்க வீட்டுக்காரர் ஸ்டேஷன் கட்டிக் குடுத்திருக்காரு!"

அவங்க ரயில்ல ஒரு சட்டம் உண்டு. இந்த ஸ்டேஷன்காரர் மணி அடிச்சு, 'வண்டியை அனுப்பட்டுமா'ன்னு கேக்கணும். அடுத்த ஸ்டேஷன்காரர் பதில் மணி அடிச்சு லைன் கிளியர் குடுக்கணும். குடுத்தாத்தான் வண்டி கிளம்பும். இல்லேன்னா? நிக்கும். அவ்வளவுதான்... நிக்கும்.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில எஸ்தரம்மா காய்ச்சல்ல படுத்தாங்க. எழுந்திரிக்கல.

வாத்தியார் கதவைச் சாத்திக்கிட்டார். ஸ்கூலுக்கு லீவு. அடுப்புப் பத்தவைக்கறதில்ல. பாய் குடுத்தனுப்பற ரொட்டி வாசல்லயே கிடந்து காயுது. நண்பர்கள் போய்க் கதவைத் தட்டினா உள்ளேருந்து குரல் மட்டும் வரும். "பெள்ளி... என் ஸ்டேஷனைப் பேத்து எடுத்துட்டு லைனை நேரா போட்டுக்குங்கப்பா. நான் இனி வர மாட்டேன்."

நாமளா இருந்தா என்ன பண்ணுவோம்? லைனை நேரா போட்டிருப்போம். ஆட்டம் நிக்கக் கூடாதுல்ல? பாய்க்கே மனசு தடுமாறிச்சு. "பெள்ளி, வாத்தியார் மணியை நானே அடிச்சுடறேன். ஒரு தடவை வண்டி போய்ட்டு வரட்டும்."

பெள்ளி என்ன சொன்னார்? "ஆள் இல்லாத ஸ்டேஷன்லேருந்து பொய் மணியா? நம்ம ரயில்ல அது கிடையாது பாய்."

ஆக, ஞாயித்துக்கிழமை வரும். பெள்ளி மணி அடிப்பார்... டிங். பதில் இருக்காது. ரெண்டு பேரும் டீ குடிப்பாங்க. மறுபடி அடிப்பார்... டிங். இல்ல. பெட்டியில தூசி தட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு. கிறிஸ்துமஸ் லீவுல வேடிக்கை பார்க்க வந்த ஜனம், "என்ன பாய், ரிப்பேரா?"ன்னு கேட்டுச்சு. "ரிப்பேர் இல்லீங்க. எஸ்தர்புரம் மாஸ்டர் இன்னும் டூட்டிக்கு வரல." வந்தவங்க நமட்டுச் சிரிப்பு சிரிச்சுட்டுப் போனாங்க.

விஷயம் ஊர் பூரா பரவிடுச்சு. தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வாத்தியார் தீப்பெட்டி வாங்க மார்க்கெட் பக்கம் வர்றார். கேரட் விக்கற அம்மா வெடுக்குன்னு கேக்குது. "ஏன் வாத்தியாரே, உங்களாலதான் ரயிலே நிக்குதாமே?"

வந்துது பாருங்க கோவம்! நேரா வீட்டுக்குப் போனார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இன்னிக்கு அந்த ஸ்டேஷனை நானே பிடுங்கி எறியறேன்னு பேக்கரி மாடிப்படியில தடதடன்னு ஏறினார். கதவைத் தள்ளினார்...

வண்டி நிக்குது. கீழ் ஸ்டேஷன்ல, பெட்டிக்குள்ள குட்டி விளக்கு எரிய, நிக்குது.

"எப்பலேருந்துடா நிக்குது?"

பெள்ளி சொன்னார். "நீ வராத நாள்லேருந்து."

'வா'ன்னு சொல்லல, ஆறுதல் சொல்லல. தன் இடத்துல போய் உக்காந்து மணி அடிச்சார். டிங்.

வாத்தியார் அசையல.

டிங்.

வாத்தியார் ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வச்சார். தன் மணிக்கிட்ட போனார். ஒரு தடவை அடிச்சார்.

சிக்னல் இறங்குச்சு. வண்டி மெதுவா வளைஞ்சு, குகைக்குள்ள போய், வெளிய வந்து, அந்த மஞ்ச போர்டு முன்னாடி நின்னுச்சு. அப்பதாங்க அந்த மனுஷன் வாய்விட்டு அழுதார்! அத்தனை நாள் அழாத அழுகை.

மேல் ஸ்டேஷன்ல பாய் காத்திருக்கார். வாத்தியார் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னார். "பாய்... வண்டி கொஞ்ச நேரம் இங்கயே நிக்கட்டும்."

"நிக்கட்டும் வாத்தியாரே. யாருக்கு என்ன அவசரம்?"

குன்னூர் போனப்ப அந்த ரூமை நான் பார்த்தேன். கோயில் வாசல்ல செருப்பைக் கழட்டற மாதிரி, என்னை அறியாமலே செருப்பைக் கழட்டிட்டேன். பொம்மை ரயில்தானே? ஆமா, பொம்மைதான். ஆனா ஒரு மனுஷனோட இடம் அவனுக்குத்தான்னு ஒரு குளிர்காலம் முழுக்கக் காவல் காத்தாங்களே... அது பொம்மையா? சொல்லுங்க, அது பொம்மையா?

நாம என்ன பண்றோம்? ஒருத்தர் துக்கத்துல விழுந்தா பத்து நாள் பாக்கறோம். அப்புறம் அவர் இல்லாமலே ஓட்டப் பழகிக்கறோம். அவர் எழுந்து வந்து பார்க்கும்போது அவருக்கு இடமே இருக்காது. சோகம் ஆளைக் கொல்லாதுங்க. 'நான் இல்லாமலே எல்லாம் நல்லா நடக்குது'ங்கற நினைப்பு இருக்கே... அது கொன்னுடும். கூப்பிட்டுக்கிட்டே இருங்க. பதில் வராட்டி கோவிச்சுக்காதீங்க. அவருக்குப் பதிலா நீங்களே பதில் சொல்லிக்காதீங்க.

இந்த மண்டபத்துலயே போன வருஷம் வந்து, இந்த வருஷம் வராதவங்க இருக்காங்க. இப்ப உங்க மனசுல ஒரு முகம் வந்துச்சே... ஆமா, அவங்கதான். கூட்டம் முடிஞ்சதும் என்னைப் பார்க்க மேடைக்கு வராதீங்க. அவங்க வீட்டுக்குப் போங்க.